கரடி வரைபடக்காரர்

கரடி தியாகதுருகம் கோட்டை மலை வரைக்கும் வந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் நான் கடையை விட்டுக் கிளம்பும்போது அது கல்வராயன் மலையை விட்டு இறங்கியிருக்கவில்லை. காலையில் வந்து பார்த்தால், கம்ப்யூட்டர் திரையில், கரும்பும் நெல்லும் விளைகிற சமவெளியின் நடுவில், தியாகதுருகம் என்று எழுதியிருந்த இடத்தைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம்.

"இது என்னங்க?" என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு திரும்பினார். "ஒரு அண்ணன் வந்தாரு டீச்சர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க. மேப்பப் பாத்துட்டு, எங்க கோட்டை மலையிலயும் கரடி இருக்குதுப்பா, எங்க மாமனாரு கண்ணால பாத்திருக்கிறாருன்னாரு."

"நான் பொறந்து வளர்ந்த ஊருங்க அது. அங்க ஏது கரடி? அந்த மாமனாரக் கூட்டிக்கினு வரச் சொல்லுங்க."

"செத்துப்போனதே அந்த மாமனாருதான் டீச்சர். துக்கத்துல வந்த மனுசன்கிட்ட எப்படிங்க இல்லன்னு சொல்றது?"

அவரோடு நான் பட்ட பாடு முழுவதும் இந்த ஒரு பதிலுக்குள் அடங்கிவிடும். யாரிடமும் இல்லை, முடியாது என்ற வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் அவருடைய டிடிபி கடை இருந்தது. காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் அங்கேதான் பேனர் தயாராகும். நான் அப்போது தனியார் பள்ளி ஒன்றில் உயிரியல் பாடம் எடுக்கிற வேலையை விட்டுவிட்டு ஒரு சின்ன அறக்கட்டளையில் சேர்ந்திருந்தேன். மலை ஊர்களில் கரடி நடமாட்டம் அதிகம் உள்ள இடமாகப் பார்த்து சோலார் தெருவிளக்கு போடுவது அவர்கள் திட்டம். எந்த ஊருக்கு முதலில் போடுவது என்று முடிவு செய்ய ஒரு வரைபடம் வேண்டும் என்றார்கள். கரடி எப்போதும் திரிகிற இடத்துக்கு அடர் நிறம், அவ்வப்போது வந்து போகிற இடத்துக்கு நடுத்தரம், அபூர்வமாகத் தலைகாட்டுகிற இடத்துக்கு வெளிர் நிறம். கூடவே கரடியைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம்.

அதற்காக நான் மலையில் ஊர் ஊராக நடந்திருந்தேன். கரடி பிளந்துபோட்ட கரையான் புற்றுகள், நகம் பதிந்த மரங்கள், எச்சம், அதை நேரில் பார்த்தவர்கள் சொன்னது எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நிறம் பூசித் தருவது அவர் வேலை.

கை சுத்தமான கை. அதில் குறை சொல்லவே முடியாது. போட்டோஷாப்பில் அடியில் மலையின் வரைபடத்தைப் போட்டார். அதற்குமேல் கண்ணாடித்தாள் விரிப்பதுபோல ஒரு லேயர் விரித்து, மென்மையான பிரஷ்ஷை எடுத்து, கரியாலூருக்கு மேலே இருந்த காட்டில் லேசாக ஒரு சுழற்று சுழற்றினார். நிறம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. புகைபோலப் பரவி நின்றது. ஓரத்தைக் கொஞ்சம் தெளிவாக வையுங்கள் என்றேன். "காட்டுக்கு இன்னா காம்பவுண்டு செவுரா இருக்குது டீச்சர்? கரடி கோட்டுக்கு அந்தாண்ட நின்னுகினு யோசிக்குமா?" என்றார். அது சரிதான் என்று எனக்கும் பட்டது. அந்த முதல் நாள் மட்டும்தான் அவர் கடையிலிருந்து நான் சந்தோஷமாக வீடு திரும்பினேன்.

மறுநாளிலிருந்து கரடி பரவ ஆரம்பித்தது.

அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கும். பேனர் அடிக்க வந்தவர்கள் அதில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மேப் திறந்திருந்தால் போதும், ஆளுக்கொரு கரடி கொண்டுவந்தார்கள். சின்னசேலத்து டிரைவர் ஒருவர் ரயில்வே கேட் பக்கம் பார்த்தேன் என்றார். பலாப்பழம் விற்கிற ஒரு அம்மா, எங்கள் ஊரைத் தவிர எல்லா ஊரிலும் போட்டிருக்கிறாயே, நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்று கேட்டாராம். எல்லோருக்கும் பூசித் தந்தார்.

டீயும் அப்படித்தான். வருகிற ஒவ்வொருவரும் டீ சொல்வார்கள், ஒவ்வொருவரோடும் குடிப்பார். அதிலேயே வயிற்றில் புண் வந்துவிட்டது. மதியச் சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவி ஒருநாள் என்னிடம் சொல்லிப் புலம்பினார்.

"டாக்டர் டீயத் தொடவே கூடாதுன்னு சொல்லி அனுப்பிச்சாரு டீச்சர். வெளிய வந்ததும் கம்பவுண்டரு கூப்பிட்டாருன்னு ஆஸ்பத்திரி வாசல்லயே ஒண்ணு குடிச்சிட்டு வராரு. இவர வச்சிகினு நான் இன்னா பண்றது?"

அவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

ஆனால் அந்தத் தெருவில் அவருக்கு இருந்த பேர் வேறு யாருக்கும் கிடையாது. ஒரு காதணி விழாவுக்குப் பேனர் போடும்போது பெரிய தாய்மாமன், சின்னத் தாய்மாமன் இரண்டு பேருமே தனித்தனியாக வந்து, என் படம்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இருவரிடமும் சரி என்றார். விழா அன்று பார்த்தால் மண்டபத்து வாசலில் ஒரே சட்டத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு பேனர். தெருவிலிருந்து வந்தால் பெரிய மாமன், மண்டபத்துக்குள்ளிருந்து வெளியே பார்த்தால் சின்ன மாமன். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் அன்றைக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். இதை ஊரே சொல்லிச் சிரிக்கும். நானும் சிரித்தேன். பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

ஒருநாள் அவர் டீக்கடைக்குப் போயிருந்தபோது மேப்பின் லேயர்களை வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். 'டிரைவர் அண்ணன்.' 'பலாப்பழ அக்கா.' 'கோட்டை மலை துக்கம்.' 'தேன் விக்கிறவரு.' 'பெரிய ஸ்கூல் வாட்ச்மேன்.' நடுவில் ஓரிடத்தில் 'டீச்சர்' என்று இருந்தது. மாதக்கணக்கில் நான் மலையேறி இறங்கிச் சேர்த்ததெல்லாம் அந்த ஒரு லேயர். வாட்ச்மேனுக்கும் தேன்காரருக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது.

அவர் வந்ததும் கத்தினேன். "இது கல்யாணப் பத்திரிகை இல்லீங்க, கேட்டவங்க பேரையெல்லாம் சேத்துக்கறதுக்கு. எல்லாத்தையும் அழிங்க."

"அழிச்சிடலாம் டீச்சர்."

லேயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். அதை அமுக்கினால் அந்த லேயர் மறைந்துவிடும், மறுபடி அமுக்கினால் தெரியும். ஒவ்வொரு கண்ணாக அமுக்கினார். கரடி சின்னசேலத்தை விட்டு, கோட்டை மலையை விட்டு, மலைக்குப் போய்ச் சேர்ந்தது.

"நான் மறைக்கச் சொல்லல. அழிக்கச் சொன்னேன்."

"மறைச்சா போதும் டீச்சர். அவங்க எப்பனா வந்து எங்கப்பா எங்க ஊருன்னு கேட்டா, கண்ணத் தொறந்து காட்டினா சந்தோசமாப் போயிடுவாங்க. நீங்க வந்தா மூடிடறேன். யாருக்கும் நஷ்டமில்ல."

எத்தனை சொல்லியும் அழிக்க மனம் வரவில்லை அவருக்கு. அச்சுக்குப் போகும்போது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கிவிடுகிறேன், அப்போது உங்களுடையது மட்டும்தான் இருக்கும் என்று சத்தியம் செய்தார்.

அந்தச் சமயத்தில்தான் காரில் ஒருவர் வந்து போகத் தொடங்கினார். அருவி பார்க்க வருகிறவர்களை நம்பிக் கரியாலூர் பக்கம் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தவர். விடுதிக்குப் பெயர்ப்பலகை செய்ய வந்திருந்தார். திரையில் அவருடைய நிலத்தின் மேலேயே நிறம் இருப்பதிலேயே அடர்த்தியாக நின்றது.

"இன்னாய்யா இது? இத்தப் பாத்தா எவன் வந்து ரூம் எடுப்பான்? கொஞ்சம் கம்மி பண்ணு" என்றார். நான் அங்கேதான் இருந்தேன். அது நடக்காது சார் என்று நான் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கடைக்காரரையே பார்த்தார். கடைக்காரர், "பண்ணிடலாம்ண்ணே" என்றார்.

நான் போன பிறகு பண்ணியிருக்கிறார். 'கார் அண்ணன்' என்று ஒரு லேயர். விடுதிக்குச் சுற்றுவட்டாரம் முழுக்க வெறும் மலைப் பச்சையை எடுத்து மூடி, அந்த மனிதருக்கு ஒரு பிரிண்ட் போட்டுத் தந்திருக்கிறார்.

அந்தப் பச்சைக்கு அடியில் ஒரு சின்ன ஊர் இருந்தது. கரியாலூருக்கு மேலே, தார் ரோட்டை விட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினால் வரும். சாமையும் மரவள்ளியும் போடுகிறவர்கள். அங்கே ஒரு அக்காவின் வீட்டில்தான் நான் தங்கி வேலை பார்த்தேன். அவருடைய வீட்டுக்காரர் முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியும் முன்னே பாதையில் இறங்கியவர், வளைவில் கரடியின் மேலேயே போய் மோதிவிட்டார். ஒரு கண்ணும் ஒரு பக்கக் கன்னமும் போய்விட்டன. துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டுதான் பேசுவார்.

"அதுங்க மேல தப்பு இல்லம்மா" என்று அந்த அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். "இவரும் அத்தப் பாக்கல, அதுவும் இவரப் பாக்கல. ஒரு வெளிச்சம் இருந்திருந்தா ரெண்டு பேரும் ஒதுங்கிப் போயிருப்பாங்க."

அந்த ஊருக்கு முதல் விளக்கு என்று என் மனதில் அன்றே முடிவாகிவிட்டது. இருப்பதிலேயே அடர்த்தியான நிறத்தை அங்கேதான் பூசச் சொன்னேன்.

கடைசி வடிவத்தை அவர் போனில் அனுப்பினார். ஊர் ஊராகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. சரி, அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். நான் சரி சொன்ன பிறகு, அச்சகத்து ஆள் பென்டிரைவோடு வருவதற்கு முன், கார்காரர் வந்து இன்னொரு பிரிண்ட் கேட்டிருக்கிறார். இவர் 'கார் அண்ணன்' லேயரின் கண்ணைத் திறந்து பிரிண்ட் எடுத்துத் தந்திருக்கிறார். அதற்குள் யாரோ டீக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து, திறந்த கண்ணோடு எல்லாவற்றையும் ஒரே படமாக்கி அனுப்பிவிட்டார்.

வரைபடத்தோடு அச்சான புத்தகம் என் கைக்கு வருவதற்குள் அறக்கட்டளைக்காரர்கள் சென்னையில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்து ஊர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கம்பங்கள் லாரியில் ஏறிவிட்டன. அக்காவின் ஊர் விட்டுப்போனதைச் சொல்லப் போன் செய்தேன். எங்கள் தலைவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"மேப்ல அந்த ஊர் வெளிர் நிறத்துல கூட இல்லையேம்மா."

"அச்சுல தப்பு நடந்துடுச்சு சார்."

"நீங்க குடுத்த மேப்தானே? இப்ப ஒரு ஊர எடுத்துட்டு இன்னொரு ஊருக்குக் குடுத்தா அவங்க சும்மா இருப்பாங்களா? அடுத்த வருஷம் பாக்கலாம்."

கடைக்குப் போனேன். ஸ்டூலில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் இருக்கிறார்கள் என்று கூடப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்க ஒருத்தருக்கும் இல்லன்னு சொல்ல மாட்டீங்க. நல்ல மனுசன். அந்த அக்காவுக்கு இல்லன்னு சொன்னது யாருங்க? நீங்கதானே? முகம் பாதி போன மனுசன் வூட்டுக்கு லைட்டு இல்லன்னு சொல்லிட்டீங்களே."

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அந்தப் பச்சையையே பார்த்தார். மானிட்டரை அணைத்தார். ஸ்டூலில் இருந்தவர் எழுந்து போய்விட்டார். நானும் வந்துவிட்டேன். அதன்பிறகு கொஞ்ச நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

இந்த வருஷம் விளக்கு வராது என்று அந்த ஊருக்குப் போய் யாராவது சொல்ல வேண்டும். நான்தான் போனேன். பாதை தொடங்குகிற இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் திகைத்து நின்றுவிட்டேன். இரண்டு மரங்களுக்கு நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். 'கவனம்! கரடி நடமாடும் பகுதி. தனியாகச் செல்லாதீர். சத்தம் போட்டுக்கொண்டே செல்லவும்.' நடுவில் இரண்டு காலில் எழுந்து நின்று பல்லைக் காட்டும் கரடி. நம் மலையில் இருப்பது கறுப்புக் கரடி, நெஞ்சில் வெள்ளைக் கோடு இருக்கும். பேனரில் நின்றதோ வெளிநாட்டுப் பழுப்புக் கரடி. பின்னால் பனிமலை. நான்கு மூலையிலும் கல்யாண பேனரில் போடுகிற ரோஜாப்பூ.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மேலே ஏறினேன்.

"வாம்மா. லைட்டு எப்ப வருது?" என்று அந்த அக்கா வாசலிலேயே கேட்டார்.

"லைட்டா?"

"கள்ளக்குறிச்சியிலேர்ந்து அந்தத் தம்பி வந்தாரே. பஸ்சு மேல போர்டக் கட்டிக்கினு வந்து, அவரே மரமேறிக் கட்டினாரு. எம்மேலதான் தப்பு ஆயிடுச்சுக்கான்னு எங்க வூட்டுக்காரரு காலப் புடிச்சிகினாரு. நாங்க பதறிப்போயிட்டோம். லைட்டு வருமா தம்பின்னு கேட்டேன். கண்டிப்பா வந்துடும்க்கான்னாரு."

மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் ஒரு வாக்குறுதி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வரைபடம் தப்பானது, கம்பம் வேறு ஊருக்குப் போனது, இந்த வருஷம் வராது, அடுத்த வருஷம் நான் முயற்சி செய்வேன், அதுவும் நிச்சயம் இல்லை. உண்மை அதுதான். அதைத்தான் சொன்னேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. கேட்டுக்கொண்டே முறத்தை எடுத்துச் சாமையைப் புடைக்கத் தொடங்கினார். மலையேறி வந்தவளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கூடக் கேட்கவில்லை. நான் எழுந்ததும் உள்ளே போய் ஒரு பாட்டில் மலைத்தேன் எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"அந்தத் தம்பிகிட்ட குடுத்துடு. டீ குடுத்தோம், குடிச்சிட்டு வயித்தப் புடிச்சிகினு ஒக்காந்துட்டாரு. வயித்துப் புண்ணாம். வெறும் வயித்துல சாப்பிடச் சொல்லு."

அந்தத் தேனை நான்தான் சுமந்துகொண்டு வந்து கடையில் கொடுத்தேன். எதற்காக மறுபடி அங்கே போனேன் என்றால், இதற்காகத்தான். வாங்கி வைத்துக்கொண்டு, "எப்படி இருக்கிறாங்க டீச்சர்?" என்றார். அவர்களிடம் வரும் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

விடுதிக்காரர் இறங்காமலேயே கண்ணாடியை இறக்கினார். "இன்னாய்யா, பாதையில போர்டு வச்சியாமே? வர்றவன்லாம் அதும் முன்னால நின்னு போட்டோ எடுத்துகினு திரும்பிப் போறான். நாளைக்கு அது அங்க இருக்கக் கூடாது."

"எடுத்திடலாம்ண்ணே" என்றார் இவர்.

கார் போனது. நான் அவரையே பார்த்தேன். "போய் எடுத்துடுவீங்க. இல்ல?"

"பாக்கலாம் டீச்சர்" என்றார். அப்புறம் ஒரு பூப்புனித விழாவின் எழுத்துகளைப் பெரிதாக்கத் தொடங்கினார்.

அவர் எடுக்கவில்லை. மறுவாரமும் கார் வந்திருக்கிறது, எடுத்திடலாம்ண்ணே என்றிருக்கிறார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஒருவரிடம் சரி என்று சொல்லிவிட்டு வேண்டுமென்றே அதில் துளியும் செய்யாமல் அவர் விட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். இல்லை என்று சொல்ல அவருக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை போலிருக்கிறது. வெயிலிலும் மழையிலும் சாயம் போய், கடைசியில் அந்தக் கரடி பனிக்கரடிபோல வெளுத்துத் தொங்கியது. பாதையில் இறங்குகிறவர்கள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே இறங்கினார்கள். அந்த வருஷம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேனரால்தானா என்று கேட்டால், உயிரியல் படித்தவள், அப்படிச் சொல்ல மாட்டேன்.

கொஞ்ச நாளில் அவர் கள்ளக்குறிச்சியை விட்டே போய்விட்டார். சேலத்தில் மச்சான் புதிதாக அச்சகம் வைத்திருக்கிறார், கூப்பிட்டார், எப்படிப் போகாமல் இருப்பது என்று அவர் மனைவி சொன்னார். வழியனுப்பக் கூட நான் போகவில்லை. கோபம் அப்படியே இருந்தது.

அடுத்த வருஷம் வரைபடத்தை நானே வீட்டு லேப்டாப்பில் போட்டேன். இரண்டே லேயர். அடியில் மலை, மேலே கரடி. பார்க்க நன்றாக இல்லை, ஓரமெல்லாம் கத்தரியால் வெட்டியதுபோல இருந்தது. ஆனால் எந்த ஊரும் விடுபடவில்லை. அதை வைத்துக்கொண்டு அறக்கட்டளைத் தலைவரோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றேன். விளக்கு போட்ட ஊருக்கே இன்னும் நாலு விளக்கு கேட்கிறார்கள், புது ஊர் எதற்கு என்றார். நேரில் அழைத்துப் போய்ப் பாதையில் நடக்கவைத்து, துண்டு மூடிய அந்த முகத்தைப் பார்க்கவைத்து, கடைசியில் ஒப்புக்கொள்ள வைத்தேன்.

கம்பம் நட்ட அன்று சாயங்காலம் நானும் மேலே இருந்தேன். இருட்டத் தொடங்கியதும் பாதையின் வளைவில் விளக்கு தானாக எரிந்தது. ஊரே கீழே இறங்கி வந்து நின்றது. அக்காவின் வீட்டுக்காரர் வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து ஒதுங்கி, துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டார். அக்கா விளக்கை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தம்பி வாக்கக் காப்பாத்திட்டாரு பாத்தியா" என்றார். "நீதாம்மா வராது வராதுன்ன."